இணையவழி அரசுச் சேவைகள் யாருக்கு எட்டுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் கிளை நூலகத் திண்ணையில், சனிக்கிழமை காலைகளில் நாங்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருகிறோம். இணைய விண்ணப்பங்களைப் படித்துக் காட்டுகிறோம். நிராகரிப்புக் குறுஞ்செய்திகளுக்குப் பொருள் சொல்கிறோம். சில ஆண்டுகளாக எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நாங்கள் தேடித் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் சொல்வதைச் சட்டம் என்றும், என் கருத்தைக் கருத்து என்றும் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

அரசுச் சேவைகள் இணையத்துக்கு வந்ததால் சாதாரண மக்களுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா?

உண்டு, அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஒரு வருமானச் சான்றிதழுக்காகக் கூலி வேலைக்குச் செல்பவர் முன்பு எத்தனை நாள் கூலியை இழந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர் ஒரு நாள் முகாமுக்குப் போயிருப்பார். வருவாய் ஆய்வாளர் மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் இருப்பார். வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதே தெரியாது. இன்று அந்த விண்ணப்பம் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் பதிவாகி, இந்த மூவரின் கணினிக்கும் வரிசையாகச் செல்கிறது. எந்த நாளில் எந்த அலுவலரிடம் நிற்கிறது என்பதை விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்க்க முடிகிறது. கையூட்டு முழுவதும் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "கோப்பு காணவில்லை" என்ற பழைய பதிலை இன்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

பட்டா, சிட்டா நகலும் அப்படியே. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவை தெரிந்தால் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். தன் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவே ஒருவருடைய தயவு வேண்டியிருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பெரிய மாற்றமாக நான் கருதுவது பொறியியல் கலந்தாய்வை. 2018-ஆம் ஆண்டில் பொதுப் பிரிவுக் கலந்தாய்வு இணையவழிக்கு மாறும் வரை, தென்மாவட்டத்து மாணவர் ஒருவர் பெற்றோரில் ஒருவரையாவது அழைத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் சென்னைக்குச் சென்று, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருந்து, திரையில் குறைந்துகொண்டே வரும் இடங்களைப் பார்த்துச் சில நிமிடங்களில் தன் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இன்று வீட்டிலேயே உட்கார்ந்து, நாள் கணக்கில் யோசித்து, எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் விருப்ப வரிசையில் பதிவு செய்யலாம். பேருந்துச் செலவுக்கே கடன் வாங்கிய குடும்பங்களுக்கு இது சிறிய உதவி அன்று.

அப்படியானால் இடைத்தரகர்கள் ஒழிந்துவிட்டார்களா?

இடம் மாறியிருக்கிறார்கள். வட்டாட்சியர் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் சிறிய மேசை போட்டு மனு எழுதித் தருபவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்த வேலையை இன்று ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் செய்கின்றன. இவர்களில் பொறுமையாக, நியாயமான கூலிக்கு உதவுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் பல கிராமங்களில் இணையச் சேவை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் 60 ரூபாய்ச் சான்றிதழுக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் வாங்கப்பட்ட ரசீதில்லாக் கதைகளையும் எங்கள் திண்ணையில் கேட்டிருக்கிறோம்.

பழைய தரகருக்கு அதிகாரியைத் தெரியும். புதிய தரகருக்குக் கடவுச்சொல் தெரியும். வேறுபாடு அவ்வளவுதான் என்று தோன்றலாம், ஆனால் இரண்டாவது இன்னும் ஆழமாகச் செல்லக்கூடியது. விண்ணப்பதாரரிடம் கைப்பேசி இல்லையென்றால் கடைக்காரர் தம் எண்ணையே பதிவு செய்துவிடுகிறார். அதன்பிறகு விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, கூடுதல் ஆவணம் கேட்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்ற செய்திகள் எல்லாம் அந்தக் கடைக்கே செல்கின்றன. உரியவர் மூன்று மாதம் காத்திருந்து எங்களிடம் வரும்போது, மேல்முறையீட்டுக்கான நாள் கடந்து போயிருக்கும். ஆகவே, யாரிடம் விண்ணப்பித்தாலும் எண் உங்களுடையதாகவோ உங்கள் வீட்டாருடையதாகவோ இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டை அச்சிட்டு வாங்காமல் கடையைவிட்டு இறங்காதீர்கள்.

கைரேகை விழாவிட்டால் ரேஷன் பொருளை மறுக்கலாமா?

கூடாது. எங்களிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2017-இல் ஸ்மார்ட் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டபோது, அட்டையில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும். வீட்டில் யார் கொண்டுசென்றாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டுசென்றாலும், பொருள் கிடைத்தது. 2020 அக்டோபர் 1 முதல், 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டத்தின் பகுதியாக, அட்டையில் பெயருள்ள ஒருவர் நேரில் வந்து விரல்ரேகை வைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வேறு ஊரில் வேலை செய்யும் தொழிலாளர் அங்கேயே பொருள் வாங்கலாம் என்பது இதனால் கிடைத்த நன்மை. ஆனால் விரலே தேய்ந்து போனவர்களுக்கு இதே முறை ஒரு தடையாகிவிட்டது.

சித்தாள் வேலையில் சிமென்ட் கலந்து பல ஆண்டுகள் கழித்த ஒரு மூதாட்டியை நியாயவிலைக் கடையில் அருகிலிருந்து பார்த்தேன். "ரேகை விழல பாட்டி, அந்தக் கையை வைங்க" என்று விற்பனையாளர் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் வலது கட்டைவிரலை வைத்தார். பிறகு இடது கட்டைவிரல். பிறகு முந்தானையில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரல். ஈரத்துணியைக் கொடுத்தார்கள், விரலை நனைத்து மறுபடியும் வைத்தார். கருவியில் சிவப்பு விளக்கே எரிந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும், "நாளைக்கு வர்றேன் தம்பி" என்று பையை மடித்து இடுக்கிக்கொண்டு அவராகவே நகர்ந்துவிட்டார். யாரும் அவருக்குப் பொருளை மறுக்கவில்லை. மறுக்கும் சொல் ஒன்றுகூடப் பேசப்படாமலே அவர் வெறும் பையோடு திரும்பினார். 'கைநாட்டு' என்பது எழுதப் படிக்கத் தெரியாதவர்களை இழித்துச் சொல்லும் சொல்லாக நம்மிடையே புழங்கியது. அந்தக் கைநாட்டும் செல்லாது என்று ஒரு கருவி சொல்லும் நிலையை அந்த மூதாட்டி முகத்தில் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், பிரிவு 7-இல், மானியங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று அனுமதிக்கிறது. அதே பிரிவு, ஆதார் எண் வழங்கப்படாதவருக்கு மாற்று அடையாள வழி தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆதாரை வழங்கும் தனித்துவ அடையாள ஆணையமே 2017 அக்டோபர் 24 அன்று அனுப்பிய சுற்றறிக்கையில், கைரேகை பொருந்தாததாலோ இணைய இணைப்பு கிடைக்காததாலோ ஒருவருக்குப் பொது விநியோகப் பொருளை மறுக்கக் கூடாது என்றும், அத்தகைய வழங்கலைக் காரணத்துடன் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் கூறியது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆதார் சட்டத்தின் பெரும்பகுதியை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றது. அப்படி ஏற்ற தீர்ப்பிலும், அங்கீகாரத் தோல்வியால், அதாவது ரேகை போன்ற அடையாளம் பொருந்தாமல் போவதால், தகுதியுள்ளவர் விடுபடக் கூடாது என்ற கருத்து வலியுறுத்தப்பட்டது.

நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியது: அட்டையில் பெயருள்ள வேறு யாராவது ரேகை வைக்கலாம். ஆதாருடன் இணைத்த கைப்பேசிக்கு ஓடிபி வருமா என்று கேளுங்கள். நேரில் வர முடியாத முதியவரும் மாற்றுத்திறனாளியும் தம் சார்பில் ஒருவரை எழுத்து மூலம் அங்கீகரித்து அனுப்பும் ஏற்பாடு நம் மாநிலத்தில் உண்டு. அதற்கான படிவத்தை வட்ட வழங்கல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகும் பொருள் கிடைக்கவில்லையென்றால் 1967 என்ற எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எடைத்தராசும் கருவியும் ஏற்றிய வண்டி வீட்டு வாசலுக்கே வருகிறது. மனிதர் கருவியைத் தேடிப் போகாமல் கருவி மனிதரைத் தேடி வருகிற இந்தத் திசைமாற்றம் சரியானது என்றே கருதுகிறேன்.

கைரேகை முறை முறைகேட்டைத் தடுக்கிறதே, அதற்காகச் சிலர் சிரமப்படுவதை ஏற்கக் கூடாதா?

படித்தவர்கள்தாம் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். முதலில் முறைகேடு எங்கே நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இல்லாத ஆளின் பெயரில் அட்டை இருப்பது ஒன்று; இருக்கிற ஆளுக்கு இருபது கிலோவுக்குப் பதில் பதினெட்டு கிலோ நிறுத்துக் கொடுப்பது இன்னொன்று. முதலாவதைக் கைரேகை பிடிக்கலாம். இரண்டாவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எடையைப் பற்றிக் கைரேகைக் கருவிக்கு எதுவும் தெரியாது.

கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஜார்க்கண்டில் இந்த முறை படிப்படியாக அறிமுகமானபோது பெரிய அளவில் ஆய்ந்தனர். கைரேகை அங்கீகாரம் மட்டும் கசிவை, அதாவது உரியவரைச் சேராமல் பொருள் வெளியே போவதை, குறைத்ததாக அவர்களால் காண முடியவில்லை. ஆனால் முன்பு ஆதாரை இணைக்காதிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது. பின்னர் கருவிப் பதிவை வைத்துக் கடைகளுக்கான ஒதுக்கீட்டைச் சரிசெய்தபோது கசிவு குறைந்தது, கூடவே உரியவர்களுக்குக் கிடைப்பதும் குறைந்தது. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே, அங்கீகாரத் தோல்வி ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் எனக் கணிப்புகள் இருப்பதைக் குறிப்பிட்டு, தகுதியுள்ள ஏழைகள் விடுபடும் ஆபத்தை எச்சரித்தது.

ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்கப்படாததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டு, மாதக்கணக்கில் ரேஷன் கிடைக்காமல் பட்டினியால் இறந்ததாகத் தாய் சொன்னார். மலேரியா என்று அரசுத் தரப்பு சொன்னது. காரணம் எதுவாக இருந்தாலும், அந்த வீட்டின் அட்டை நீக்கப்பட்டது உண்மை. போலி அட்டைகளை ஒழித்த எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிக்கும்போது, அந்த எண்ணிக்கைக்குள் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஏன் இவ்வளவு சிக்கல்?

நம்முடைய பெயர் வழக்கத்துக்கும் கணினியின் பெயர் வழக்கத்துக்கும் இடையே உள்ள இடைவெளியால் வருவது இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்து உண்டு. பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன் தந்தையின் முன்னெழுத்து, பின் கணவரின் முன்னெழுத்து. லட்சுமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு விதமாக எழுதினார், வங்கியில் எழுத்தர் இன்னொரு விதமாக எழுதினார், ஆதார் முகாமில் தட்டச்சு செய்த இளைஞர் காதில் விழுந்தபடி 'லெச்சுமி' என்று பதிந்தார். தாள் காலத்தில் மூன்றையும் பார்த்த கிராம நிர்வாக அலுவலர், "மூணும் நம்ம மேலத்தெரு லட்சுமிதான்" என்று கையொப்பமிட்டுவிடுவார். கணினிக்கு அது மூன்று பெண்கள்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் இதன் விளைவை நேரில் பார்த்தோம். 2024 ஜனவரி 1 முதல் ஆதார் அடிப்படையிலான ஊதிய முறை கட்டாயமாக்கப்பட்டபோது, வேலை அட்டையும் ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டியதாயிற்று. வெயிலில் வேலை செய்துவிட்டு, பெயரில் ஒரு எழுத்துக்காகக் கூலி வராமல் வங்கிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் அலைந்த பெண்களுக்கு நாங்கள் எழுதித் தந்த மனுக்கள் ஒரு தடித்த கோப்பாக இருக்கின்றன. தவறு செய்தவர் தட்டச்சு செய்தவர். திருத்தச் செலவழிப்பவர் கூலித் தொழிலாளி. அரசின் பதிவில் நேர்ந்த பிழையை அரசே தன் செலவில் திருத்தித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை என் யோசனை: ஏதேனும் ஓர் ஆவணத்தை, முடிந்தால் ஆதாரை, அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துங்கள். ஒவ்வோர் ஆவணத்தையும் இன்னொன்றுக்கு ஏற்பத் திருத்தத் தொடங்கினால் அந்த வட்டத்துக்கு முடிவே இராது.

வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் கணவரிடமோ மகனிடமோ இருக்கிறது. என்ன செய்வது?

ஓடிபி என்ற ஆறு இலக்க எண், ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு கைப்பேசி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வடிவமைக்கப்பட்டது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019-21 காலத்தில், நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 33 சதவீதத்தினரும் ஆண்களில் 57 சதவீதத்தினரும் மட்டுமே எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தனர். இடைவெளி அதற்குப் பிறகு குறைந்திருக்கலாம். ஆனால் கைப்பேசியின் உரிமை யாரிடம் என்ற கேள்வி வீட்டுக்குள் நடப்பது, அதை எந்தப் புள்ளிவிவரமும் முழுதாகக் காட்டாது. கணவரின் வன்முறைக்கு எதிராகப் புகார் செய்ய விரும்பும் பெண்ணின் ஓடிபி, அந்தக் கணவரின் சட்டைப்பையில் ஒலிக்கிறது.

முதியோர் உதவித்தொகை பெறுபவர்களிடையே வேறு ஒரு சிக்கல். மலிவான கைப்பேசி இருக்கும். ரீசார்ஜ் செய்யப் பணமிருக்காது. எண் செயலிழந்து, சில காலம் கழித்து வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடும். இவர்களுக்காகவே ஓடிபி இல்லாத ஒரு வழி, அலுவலர் நேரில் பார்த்து அடையாளத்தை உறுதி செய்யும் வழி, ஒவ்வொரு சேவையிலும் திறந்திருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இணையச் சேவை எளிதா, கடினமா?

சரியாகச் செய்தால் இவர்களுக்குத்தான் மிகப் பெரிய விடுதலை. மாடியில் இயங்கும் அலுவலகத்துக்குச் சக்கர நாற்காலியில் போக முடியாதவர் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பார்வையற்றவர் திரைவாசிப்பான் மென்பொருளைக் கொண்டு, பிறர் உதவியின்றித் தம் ஆவணத்தைத் தாமே படிக்கலாம். ஆனால் படத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் ஒரு சிறு கட்டம், பெயரிடப்படாத ஒரு பொத்தான், ஸ்கேன் செய்த படமாக ஏற்றப்பட்ட ஓர் அரசாணை போதும். அந்தக் கதவு மூடிவிடும்.

ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் சிதைக்கப்பட்ட ஒரு பெண், வங்கிக் கணக்கு தொடங்கச் சென்றபோது, உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்தக் கேமராவின் முன் கண்ணை இமைக்குமாறு கேட்கப்பட்டார். அவரால் இமைக்க முடியாது. அந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, இணைய வழியை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்து, 20 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 முதலே இருக்கிறது. எனவே அரசு இணையதளம் உங்களால் பயன்படுத்த முடியாததாக இருந்தால், அதை உங்கள் குறையாக நினைத்து ஒதுங்காதீர்கள். எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் நின்றுபோனது என்று குறித்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் சம்பந்தப்பட்ட துறைக்கும் எழுத்தில் கொடுங்கள்.

ஆவணமே இல்லாதவர்களை இணையச் சேவை எப்படிச் சேர்க்கும்?

தானாகச் சேர்க்காது. ஓர் ஆவணத்தைப் பெற இன்னோர் ஆவணத்தைப் பதிவேற்றச் சொல்லும் படிவத்துக்கு முன்னால், முதல் ஆவணமே இல்லாத இருளர் குடும்பம் என்ன செய்யும்? பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியரே விசாரித்துத் தர வேண்டும். விண்ணப்பம் இணையத்தில் நொடியில் போய்ச் சேரும், விசாரணைக்கு அதிகாரி ஊருக்கு வருவதோ மாதக்கணக்கில் தள்ளிப்போகும். இதற்கிடையில் பள்ளியில் சேரும் வயதும் கல்லூரிச் சேர்க்கைக்கான கடைசி நாளும் கடந்து செல்லும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினர் 2023-இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு, அந்தச் சான்றிதழ் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் வேகத்தை அலுவலரின் நேரடி வருகையே தீர்மானித்தது, கணினி தீர்மானிக்கவில்லை.

மாறாக, திருநர் அடையாளச் சான்றிதழுக்கான தேசிய இணையதளம் 2020 நவம்பரில் வந்தபோது, அலுவலக வரிசையில் நின்று ஏளனப் பார்வைகளைத் தாங்க வேண்டிய தேவையின்றி விண்ணப்பிக்க ஒரு வழி பிறந்தது. முகம் தெரியாத இணையம் ஒருவரை விடுவிக்கிறது. முகம் பார்த்துப் பேச வேண்டிய இன்னொருவரை அதே இணையம் கைவிடுகிறது. இரண்டையும் ஒரே திட்டத்தில் அடக்க நினைப்பதுதான் பிழை.

நம் மாநிலத்தில் நன்றாக நடந்த ஒன்றைச் சொல்ல முடியுமா?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் பதிவு முறையைச் சொல்வேன். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்தில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. விண்ணப்பத்தை எங்கேயாவது போய் இணையத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று பெண்களிடம் சொல்லப்படவில்லை. நியாயவிலைக் கடைப் பணியாளர்கள் வீடு தேடி வந்து படிவமும், எந்த நாளில் எங்கே வர வேண்டும் என்ற டோக்கனும் கொடுத்தார்கள். முகாமில் தன்னார்வலர்கள் கைப்பேசிச் செயலியில் பதிந்தார்கள். கணினி பின்னால் இருந்தது; மனிதர் முன்னால் இருந்தார்.

பரிசீலனையில் அந்த நிலை மாறியது. மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல், நான்கு சக்கர வாகனம் போன்ற தகுதியிழப்பு அளவுகோல்கள் பிற துறைகளின் தரவுகளோடு ஒப்பிடப்பட்டன. ஒரே மின் இணைப்பில் மூன்று குடித்தனங்கள் இருக்கும் வீட்டையோ, என்றோ விற்றும் பெயர் மாற்றாமல் விட்ட பழைய வண்டியையோ தரவுகள் அறியமாட்டா. நல்ல வேளையாக, நிராகரிப்புக் குறுஞ்செய்தி வந்த 30 நாள்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற வழி அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த வழியைப் பயன்படுத்தி எங்கள் ஊரில் சிலர் தொகையைப் பெற்றார்கள். குறுஞ்செய்தியைப் படிக்காமலே விட்டவர்கள் இழந்தார்கள்.

இணையதளம் தமிழில் இருந்தால் போதாதா?

அவசியம் இருக்க வேண்டும். 2021 மே மாதத்தில் 18 முதல் 44 வயதினர் தடுப்பூசிக்கு கோவின் தளத்தில் முன்பதிவு செய்தே வர வேண்டியிருந்தபோது, இணையமும் ஆங்கிலமும் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கேட்டது. ஆனால் தமிழ் எழுத்தில் இருப்பதெல்லாம் தமிழாகிவிடாது. 'சரிபார்ப்பு நிலுவையில்' என்று திரையில் வருவதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நான் ஏதாச்சும் பணம் பாக்கி வெச்சிருக்கேனா?" என்று கலக்கத்தோடு கேட்ட பெரியவருக்கு, 'உங்கள் மனுவை அலுவலர் இன்னும் பார்க்கவில்லை' என்ற வரி போதுமானதாக இருந்திருக்கும்.

எல்லோருக்கும் கணினிப் பயிற்சி கொடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா?

பெருமளவு உதவும். கேரளம் 2002-இல் மலப்புறத்தில் அட்சயா மையங்களைத் தொடங்கியபோது, குடும்பத்தில் ஒருவருக்காவது கணினி கற்பிப்பதையே முதல் இலக்காக வைத்தது. சேவைகள் அதன்மேல் வந்தன. நாம் சேவையை முதலில் கொண்டுவந்துவிட்டுக் கல்வியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். ஆனாலும் 80 வயதில் கண்புரையோடு இருப்பவரைப் பார்த்து, நீங்கள் செயலியைக் கற்றுக்கொள்ளவில்லை என்பதால் உங்களுக்கு உதவித்தொகை இல்லை என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.

என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

காரணம் தெரியாமல் உடனே இன்னொரு விண்ணப்பம் போட ஓடாதீர்கள். பலர் செய்யும் தவறு அது. ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணைக் கொண்டு, எந்த நிலையில், என்ன காரணம் சொல்லி நிராகரிக்கப்பட்டது என்பதை முதலில் அச்சிட்டு எடுங்கள். காரணம் ஆவணக் குறைவு என்றால் அந்த ஆவணத்தோடு மறுபடி விண்ணப்பிப்பதே விரைவான வழி. காரணம் தவறானது என்றால், அல்லது காரணமே இல்லாமல் ஒரு சொல்லில் நிராகரிக்கப்பட்டிருந்தால், மேல் அலுவலரிடம் எழுத்தில் முறையிடுங்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் கொடுத்து, பதிவு எண் வாங்குங்கள். நேரில் போக முடியாதவர்கள் முதலமைச்சரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். பதிலே வராவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், என் விண்ணப்பத்தின்மீது எந்த நாளில் யார் என்ன குறிப்பு எழுதினார் என்று கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். வழக்கறிஞர் தேவைப்படும் நிலை வந்தால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

இவற்றில் எதையும் தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், சீட்டையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நூலகத்துக்கு வாருங்கள். கண்ணாடி மறக்காமல் கொண்டுவாருங்கள். நாங்கள் எழுதுவதை நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே கையொப்பம் கேட்போம். படிக்கத் தெரியாதவர்களுக்கு இரண்டு முறை படித்துக் காட்டுவோம்.